பார்க்கிற கண்ணுக்கு நேராக

பிள்ளைகளே, என் இடது கண் போன கதை உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சுவரில் வயர் பதிக்கக் கொத்திக்கொண்டிருந்தேன், சில்லுத் தெறித்தது, கண்ணாடி போட்டிருக்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் முடிந்தவரை பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான் எப்படி மறுபடியும் வேலைப் பையைத் தூக்கினேன் என்பதுதான் உங்களுக்குத் தெரியாது. பூல் விளையாடித்தான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

ஒரு கண் போனால் பாதி உலகம் இருட்டாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கொஞ்சம் தலையைத் திருப்பினால் எல்லாம் தெரியும். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் தெரியாது. ஸ்க்ரூவின் தலை கண் முன்னால் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் அதைத் தொடாமல் காற்றிலேயே நிற்கும், இல்லாவிட்டால் சறுக்கிப் பக்கத்துக் கம்பியில் போய் இடிக்கும். எலக்ட்ரீசியனுக்கு இது விளையாட்டு இல்லை. உங்கள் அம்மா கடைக்குப் போன நேரத்தில் ஒரு பழைய சுவிட்ச் போர்டை மடியில் வைத்து முயன்று பார்த்தேன். ஒரு ஸ்க்ரூகூடப் பிடிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

சுரண்டையில் உங்கள் மாமா தன் கடைக்குப் பக்கத்துக் குடோனில் வாட்ச்மேன் வேலை சொல்லி வைத்திருந்தார். "சும்மா சேர்ல உக்காந்தா போதும் அத்தான்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஐப்பசி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வயரிங் ஒன்றைத்தான் ஒழுங்காகக் கற்றிருந்தேன். அதுவும் இனி இல்லை என்றால் நான் யார் என்று யோசித்தால் சோறு இறங்காது.

அப்போதுதான் என் கூட்டாளி வந்தான். நான் வயர், அவன் பைப். தென்காசியிலிருந்து ஒரே பைக்கில் குற்றாலம் போய் லாட்ஜ்களில் வேலை பார்ப்போம். சாரல் முடிந்து, ஐயப்ப சாமிமார் வரத் தொடங்குவதற்கு முன்னால் லாட்ஜ்கள் காலியாகக் கிடக்கும். ரிப்பேர் வேலையெல்லாம் அந்த இடைவெளியில்தான்.

வாசலில் வண்டியை நிறுத்தி ஆரன் அடித்தான். "ஏல, வா. ஐந்தருவி ரோட்டு லாட்ஜ்ல டேங்க் மாத்தணும்."

"நான் வந்து என்னலே செய்ய?"

"பைக்ல பின்னால கனம் இல்லாம வண்டி குதிக்கி. நீ சும்மாதான இருக்க."

போனேன். அந்த லாட்ஜின் மாடி ஹாலில், சீசனுக்கு வருகிறவர்கள் விளையாடட்டும் என்று முதலாளி ஒரு பூல் மேசை வாங்கிப் போட்டிருந்தார். பச்சைத் துணி விரித்த பெரிய மேசை, ஓரத்தில் ஆறு குழி, கம்பால் வெள்ளைப் பந்தை அடித்து அது போய்க் கலர்ப் பந்தைக் குழியில் தள்ள வேண்டும். நானும் கூட்டாளியும் தெருமுனைக் கேரம் போர்டில் பேர் வாங்கியவர்கள். சாப்பாட்டு நேரத்தில் அவன் ஒரு கம்பை எடுத்து என் கையில் திணித்தான்.

நான் அடித்தது எதுவும் உருப்படவில்லை. ஒருமுறை வெள்ளைப் பந்தையே தொடாமல் கம்பு முன்னால் போனது. அவன் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. கண் நன்றாக இருந்த காலத்தில் என்றால் தெருவையே கூட்டியிருப்பான்.

கீழே ரிசப்ஷனைப் பார்த்துக்கொள்கிற பெண் டீயோடு மேலே வந்தாள். செங்கோட்டைக்காரி, உங்கள் சித்தி வயது இருக்கும். ஆள் வராத நாட்களில் போனில் வீடியோ பார்த்துத் தானாகவே இந்த ஆட்டத்தைப் பழகியவள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, உக்கார சேரு கொண்டாரவா?"

"எதுக்கு தங்கச்சி?"

"ஒரே எடத்துல நின்னுக்கிட்டுக் கைய மட்டும் திருப்புதியளே, கேரம் போர்டுக்கு உக்காந்த மாதிரி. இங்க நடக்கலாம், யாரும் ஃபவுல் சொல்லமாட்டாவ."

கூட்டாளி டீயைத் துப்பிவிட்டான். ஆனால் அவள் சொன்னது சரி. கேரத்தில் ஸ்ட்ரைக்கரை நமக்குத் தோதான இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம், உடம்பு அசையாது. இங்கே வெள்ளைப் பந்து நின்ற இடத்தில்தான் நிற்கும். நாம்தான் சுற்றி நடந்து அதற்குப் பின்னால் போக வேண்டும். அத்தனை வருடக் கேரம் பழக்கம் என்னை ஒரே இடத்தில் ஆணி அடித்து வைத்திருந்தது.

பிறகு அவள் கேட்டாள். "எந்தக் கண்ணு அண்ணாச்சி தெரியாது?"

கூட்டாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் ஒருவரும் என் முகத்துக்கு நேரே அதைக் கேட்டதில்லை. எல்லோரும் "எப்படி இருக்கிய?" என்று கேட்டுவிட்டுத் தரையைப் பார்ப்பார்கள்.

"இடது" என்றேன்.

"அப்ப கம்ப மூக்குக்கு நேரா வைக்காதிய. பாக்குத கண்ணுக்கு நேரா வைங்க."

அவ்வளவுதான். எந்தக் கால் செருப்பு அறுந்தது என்று கேட்பது மாதிரி கேட்டாள், அதற்கு ஏற்ற மாதிரி வழி சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு நான் காலத்துக்கும் நன்றிக்கடன் பட்டவன்.

அவள் சொல்லித் தந்த குறி வைக்கும் முறை இதுதான். பந்தில் எந்தப் புள்ளியில் அடிக்க வேண்டும் என்று தேடக் கூடாது. வெள்ளைப் பந்து போய் முட்டும்போது கலர்ப் பந்தை எவ்வளவு மறைக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். நேரே போக வேண்டுமென்றால் முழுதாக மறைக்கும். கொஞ்சம் சாய வேண்டுமென்றால் முக்கால். இன்னும் சாய வேண்டுமென்றால் பாதி.

"பாதின்னா எப்படிம்மா தெரியும்?"

"ஒரு அப்பளத்து மேல இன்னொரு அப்பளம் பாதி கெடக்குன்னு நெனைங்க. வெள்ளப் பந்தோட நடு, அந்த மஞ்சப் பந்தோட ஓரத்தப் பாத்துப் போணும். நின்னே பாருங்க. அந்தப் படம் சரியா வருத வரைக்கும் கால நகத்துங்க." நான் அவசரமாகக் குனிந்தேன். "மதி, மதி, போதும், எந்திரிங்க! குனிஞ்சப்புறம் கம்பத் திருத்தப்படாது. சந்தேகம்னா எந்திச்சு, மொதல்ல இருந்து."

நிமிர்ந்து நின்று பார்த்தேன். ஒற்றைக் கண்ணுக்குப் பந்து உருண்டையாகத் தெரியாது, தட்டையான வட்டமாகத்தான் தெரியும். மறைக்கும் அளவைப் பார்க்க அதுவே போதும். தூரம் தெரிய வேண்டியதே இல்லை. இடது பக்கம் ஒரு அடி நகர்ந்தேன். வட்டத்தின் மேல் வட்டம் பாதியாக வந்து உட்கார்ந்தது. அடித்தேன். மஞ்சள் பந்து குழி உதட்டில் இடித்துத் திரும்பிவிட்டது.

"அடப் பாவி, உயிரோட வந்துட்டியே!" என்று கூட்டாளி கத்தினான். அன்றைக்குத்தான் அவன் பழையபடி என்னைக் கேலி செய்தான்.

அதற்குப் பிறகு தினமும் போனேன். ஒரு டேங்க் மாற்ற அத்தனை நாள் ஆகாது என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. இன்றைக்கு வால்வு ஒழுகுகிறது, நாளைக்கு வாஷர் போய்விட்டது என்று அவன் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தான்.

கம்பு வெள்ளைப் பந்தைத் தவறவிடுவது மட்டும் நிற்கவில்லை. அதற்கும் அவள் வழி சொன்னாள். இடது கையை மேசையில் அழுத்திப் படிய வைத்து, விரல்களுக்கு நடுவே கம்பை ஓட்டி, நுனியைப் பந்தைத் தொடப்போகிற அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, அங்கிருந்து பின்னால் இழுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தூரம் படிந்த கைக்குத் தெரிந்திருந்தது. மகளே, அப்போது எனக்கு உன் நினைப்பு வந்தது. நான் டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, நீ டம்ளரைத் தூக்கிச் சொம்பின் வாயோடு ஒட்டிப் பிடிப்பாய். தொட்டுக்கொண்டு ஊற்றினால் சிந்தாது என்று ஐந்து வயதில் நீ கண்டுபிடித்திருந்தாய்.

ஒருநாள் அந்தப் பெண் மாடிப்படியில் நின்றபடி கேட்டாள். "அண்ணாச்சி, கீழ ரூம்ல ஃபேன் சுவிட்ச் லொடலொடன்னு ஆடுது. எலக்ட்ரீசியன் யாரையாவது தெரியுமா?"

கூட்டாளி தலைக்கு மேலே உத்தரத்தில் ஏதோ தேடினான்.

கீழே போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். கரண்ட் இல்லை என்று டெஸ்டரால் பார்த்து, திரும்பவும் பார்த்தேன். ஸ்டூலைப் போர்டுக்கு முன்னால் போட்டு, பார்க்கிற கண் நேராக வரும்வரை நகர்த்தினேன். இடது கையைப் போர்டின் மேல் படிய வைத்து, விரலை ஸ்க்ரூவின் பக்கத்தில் ஊன்றி, ஸ்க்ரூடிரைவரை விரலோடு ஒட்டியே ஓட்டினேன். சறுக்கியது. அங்கேயே வைத்துத் திருகாமல், முழுதாக எடுத்துவிட்டு மறுபடியும் தொடங்கினேன். நுனி ஸ்க்ரூ தலையின் வெட்டுக் காடியில் போய் உட்கார்ந்தது. திருகினேன், பிடித்தது.

அந்நேரம் பார்த்துப் போன் அடித்தது. உங்கள் அம்மா. "சாப்பிட்டியளா?"

"வேலையில இருக்கேன். பொறவு பேசுதேன்."

"வேலையிலயா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "சரி, வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

மாமாவிடம் போனில் சொல்வது மரியாதை இல்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை சுரண்டைக்குப் பஸ் ஏறினேன். குடோன் வேலை வேண்டாம், வயரிங்கே பார்க்கிறேன், ஆனால் ஏணி ஏறமாட்டேன், கரண்ட் இருக்கும்போது கை வைக்கமாட்டேன் என்று சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்திருந்தேன். அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். தரையைப் பார்க்கவில்லை.

"அப்ப வந்தது வந்திய, நம்ம கடையில ரெண்டு ப்ளக் பாயிண்டு வேல செய்யல. பாத்துட்டுப் போங்க அத்தான்" என்றார். போய் மெயினை அவரே அணைத்துவிட்டு, எனக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.