காற்றுக்கு எதிரே போன குருத்தோலை

இந்த மாதிரிக் கதைகளை நம்புகிற ஆள் நான் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிறு பூசை தவறவிடமாட்டேன், செபமாலை சொல்லாமல் பாயில் சரியமாட்டேன், ஆனால் மாதாவைக் கண்டேன், காதுக்குள் குரல் கேட்டது என்று யாராவது தொடங்கினால் எனக்குச் சுள்ளென்று வரும். ஆண்டவருக்கு வேறு வேலை இல்லையா என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். இப்போது நானே அப்படியொரு கதையோடு வந்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், நான் கோபிக்கமாட்டேன்.

நாங்கள் நெடுந்தீவு. என் மனுசனுக்குக் கடல் தொழில், சொந்தமாக ஒரு சின்னப் பிளாஸ்டிக் படகு. போன மாரியில் மகள் டிலானி தலைப்பிள்ளைக்கு எங்களிடம் வந்திருந்தாள், மருமகனுக்குக் கொழும்பில் வேலை. நாள் இன்னும் கிடக்கிறதே என்றுதான் இருந்தோம். ஒரு மத்தியானம் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, தலை வெடிக்கிறது அம்மா, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். பார்த்தால் காலும் முகமும் வீங்கிக் கிடக்கிறது. ஓட்டோ பிடித்துத் தீவு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டொக்டர் பிறசர் பார்த்துவிட்டு உடனே ஊசி போட்டார். "அம்மா, பிறசர் கடுமையாய் ஏறியிருக்கு. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போனால்தான் தாயையும் பிள்ளையையும் காப்பாத்தலாம்" என்றார். அக்கரைக்கு அம்புலன்ஸ் சொல்லியாயிற்று. ஆனால் நடுவில் கடல் கிடக்கிறதே! விடியற்காலையிலிருந்து வாடைக்காற்று அடித்த அடியில் பயணப் படகெல்லாம் நின்றுவிட்டது, அவசரப் படகும் காற்றுத் தணிந்தால்தான் வரலாம். மனுசன், "நான் கொண்டு போறன்" என்று கிளம்பிவிட்டார். போனால் எல்லோரும் கடலோடு போகலாம், நின்றால் என் பிள்ளை கட்டிலிலேயே போகலாம்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையை வீட்டுச் சுவரில் செருகி வைத்திருப்போம். கடலுக்குப் போவதா நிற்பதா என்று குழம்பினால் அதில் ஒரு துண்டைக் கிழித்து, உமது சித்தத்தைக் காட்டும் ஆண்டவரே என்று செபித்துக் கடலில் போடுவது. கடல் கொண்டு போனால் புறப்படலாம், கரைக்குத் திருப்பித் தந்தால் நிற்க வேண்டும். இதையெல்லாம் கேலி பண்ணுகிற நான், நம்புவீர்களோ இல்லையோ, அன்றைக்கு வீட்டுக்கு ஓடி அந்த ஓலையைத்தான் உருவிக்கொண்டு கரைக்கு வந்தேன்.

படகடியில் நின்ற மனுசன் என் கையைப் பார்த்தார்.

"என்ன விசர் வேலை இது? காத்து கரைக்கு அடிக்குது, எதைப் போட்டாலும் திரும்பித்தானே வரும்? போறேல்லை எண்டு நீர் முடிவெடுத்துப் போட்டு, பிறகு ஆண்டவரிட்டைக் கேக்கிறீரோ?"

"நீங்கள் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ. அவர் காட்டட்டும்."

அவர் சொன்னது எனக்குச் சுட்டது. வாய் உமது சித்தம், உமது சித்தம் என்கிறது, நெஞ்சு முழுக்கத் திரும்பி வா, திரும்பி வா என்று கிடக்கிறது. போட்டேன். முதல் அலை ஓலையை என் காலடிக்கே கொண்டுவந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன், அந்த மூச்சு முடியவில்லை, ஓலை திரும்பியது. காற்றுக்கு எதிரே, அலைக்கு எதிரே, யாரோ நூல் கட்டி இழுக்கிற மாதிரி நேராகப் போனது. நுரை மூடும், அந்தப் பக்கம் போய் மறுபடி தெரியும். கண்ணுக்கு மறையும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"யேசுவே" என்றார் மனுசன். பிறகு, "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

டிலானியைப் படகில் பாயில் கிடத்தி, தறப்பாளால் மூடி, தலையை மடியில் வைத்துக்கொண்டு முன்பக்கம் பார்த்து இருந்தேன். மனுசன் எனக்குப் பின்னால் இஞ்சினடியில். துறையை விட்டதும் கடல் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. உப்புத்தண்ணீர் முகத்தில் அறைய அறைய எனக்குச் செபம்கூட மறந்துபோயிற்று. பிள்ளை என் கையை நெரித்துப் பிடித்திருந்தாள்.

"அம்மா, இஞ்சின் நிண்டிடுமோ?"

"நிக்காது குஞ்சு. சத்தம் கேக்குதெல்லே, அதையே கேட்டுக்கொண்டு கிட."

அப்படித்தான் கிடந்தோம் இரண்டு பேரும். ஒரே சீராக, ஒரு தரமும் திணறாமல் அந்தச் சத்தம் அக்கரையில் குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் வந்தது. கரையில் நின்ற சனம் ஓடிவந்து டிலானியைத் தூக்கி அம்புலன்ஸில் ஏற்றியது. அன்று பொழுதுபடவே பெரியாஸ்பத்திரியில் வயிற்றைக் கீறி எடுத்தார்கள், பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம் என்று தாதி வந்து சொன்னபோது நான் வாங்குப் பலகையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன்.

மனுசனுக்கு வாங்கிக் கொடுத்த தேத்தண்ணீர் அப்படியே ஆறிக் கிடந்தது. "இஞ்சின் கைவிடேல்ல, அது பெரிய காரியம்" என்றேன், அவரைத் தேற்றத்தான்.

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இஞ்சினோ? அது துறையை விட்டுக் கொஞ்சத் தூரத்திலையே நிண்டிட்டுது. எத்தினையோ தரம் கயித்தை இழுத்தன், பிடிக்கேல்ல. பிள்ளை பயந்திடுவாள் எண்டு வாய் திறக்காமல் பிடியைப் பிடிச்சபடி இருந்தனான். படகு தன்ரை பாட்டில போனது."

"காத்து தள்ளியிருக்கும்."

"காத்து முகத்திலையெல்லே அடிச்சது."

சில நாள் கழித்து, தகப்பன் சொன்னது எதையும் சொல்லாமல், படகில் இஞ்சின் சத்தம் கேட்டதா என்று டிலானியிடம் மெல்லக் கேட்டேன்.

"ஓம் அம்மா, கடைசிவரைக்கும் கேட்டது. ஆனால் அப்பா இருந்த பக்கமில்லை. எனக்கு நேர கீழை, படகின்ரை அடிக்கு அங்காலை, தண்ணிக்குள்ளை இருந்து கேட்டது" என்றாள்.

பேத்தி இப்போது தவழுகிறாள். நானும் பூசைக்குப் போகிறேன், எல்லோரோடும் சேர்ந்து சத்தமாகச் செபிக்கிறேன். உமது சித்தம் ஆகட்டும் என்கிற இடம் வரும்போது மட்டும் என் வாய் நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் யாரும் கேட்கவில்லை என்ற துணிவில் சொன்ன சொல் அது.