தொட்டிக்குப் போட்ட பூஜை

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் எங்கள் மலை காய்ந்து போனது. வைகாசி வரை வற்றாத சுனை மாசியிலேயே வெறும் பாறையாகக் கிடந்தது. புள்ளிமான்கள் தண்ணீர் தேடி இறங்கி, வழியில் இருந்த நிலக்கடலையில் மேய்ந்தன. திருத்தணி மலைக்குப் பின்பக்கம் எங்கள் நிலம். அதை ஒட்டியது என் அக்கா புருஷன் நிலம்; மேய்ச்சலுக்குப் போனது அவர் கடலைதான். நாங்கள் பாவா என்று கூப்பிடும் அவருக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

"வெள்ளிக்கிழம வரிக்கும் பாக்கறேன். அதுக்கு மேலயும் எறங்கிச்சுன்னா கரண்டு கம்பிதான்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. நானும் வீட்டுக்காரரும் மலையடியில் சிமெண்டுத் தொட்டி கட்டி, எங்கள் போர் கிணற்றிலிருந்து குழாய் இழுத்தோம். மேலேயே தண்ணீர் கிடைத்தால் மான் ஏன் கீழே வரப்போகிறது?

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். புதுத் தொட்டிக்குப் பூஜை போடாவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வருமா? மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்தோம். கோயில் குரங்குகளுக்கு வேறு அழைப்பு எதற்கு? குட்டியும் குடும்பமுமாக வந்து தொட்டியைப் பிடித்துக்கொண்டன. அவை போட்ட சண்டையில் மான்கள் மிரண்டு கடலைக்கே போயின.

வெள்ளிக்கிழமை காலை தொட்டியை மணல் போட்டுத் தேய்த்தேன். வீட்டுக்காரர் பை நிறையத் தேங்காய்ச் சில்லோடு கோயில் படிக்கட்டுப் பக்கம் நடக்க, குரங்குகள் பின்னாலேயே போயின. சாயங்காலம் நான் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். கீழே பாவா கம்பியைக் கட்டி முடித்து, மோட்டார் கொட்டகையில் சுவிட்சில் கை வைத்தபடி நின்றார்.

குட்டியோடு ஒரு பெண்மான் வந்தது. தொட்டியை மோந்து பின்வாங்கியது. மஞ்சள் வாசனை போகவில்லையோ என்று என்மேலேயே எனக்கு ஆத்திரம். மறுபடி நெருங்கிக் குடித்தது. நிமிர்ந்து, கீழே பச்சையாகத் தெரிந்த கடலையைப் பார்த்தது. கொஞ்சம் இறங்கவும் செய்தது. அதற்குள் குட்டி மலைப்பக்கம் ஓட, தாயும் திரும்பியது.

நான் அழுதுவிட்டேன். பாவா மேலே ஏறி வந்தார்.

"திரும்பிப் போயிடுச்சு பாவா. பாத்தீங்க இல்ல?"

"ஆங், பாத்துகினுதானே இருந்தேன். கம்பிய அவுத்துடறேன்." தொட்டிக்குள் கையை விட்டு அளைந்தார். "ஏம்மா, என் போர்ல நேத்துலருந்து காத்துதான் வருது. உங்க போரு இன்னும் எத்தினி நாளைக்கு ஓடும்?"

எங்கள் வீட்டுக் குடிதண்ணீரும் அதே போரிலிருந்துதான் வந்தது.