திரும்பி வந்த ‘சரி’

நேற்று கேஸ் சிலிண்டர் பதிவு செய்யப் போனை எடுத்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்துங்கள் என்றது ஒரு பெண் குரல். அழுத்தினேன். நான் அழுத்தியது ஒன்றுதான் என்று அதற்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் ஓசை உண்டாம், அங்கே ஏதோ ஒரு சின்னச் சில்லு அதைக் கேட்டு இனம் கண்டுகொள்கிறதாம். நன்றாக இருக்கட்டும். வருஷக்கணக்காக அந்த வேலையை என் இரண்டு காதுகள் செய்தன. அதற்குக் கிடைத்தது, இடது காதில் ஓயாத ஓர் இரைச்சல்.

திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் டிரங்க் ஆபரேட்டர். எழுபதுகளின் கடைசியில் சேர்ந்தேன். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எப்பேர்ப்பட்டவரும் என்னைக் கேட்டுத்தான் பேச வேண்டும். டயல் டோன், எங்கேஜ் டோன், அந்த முனையில் மணி அடிப்பது எல்லாம் கேட்ட மாத்திரத்தில் தெரியும். எந்த ஊர் லைன் என்றுகூடச் சொல்லிவிடுவேன். வேலூர் லைன் மூக்கால் பேசும். விழுப்புரம் லைனில் யாரோ பட்டாணி வறுத்துக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்குப் போனால் குழந்தை அழுவதுகூட எங்கேஜ் டோன் மாதிரி விட்டுவிட்டுக் கேட்கும். “உனுக்கு காது மட்டும்தான் வேலை செய்யுது” என்று வீட்டுக்காரர் சொல்வார். அலுத்துப்போய் வந்தவளுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பு இருக்காது.

தலையில் மாட்டும் ஹெட்செட்டில், போன ஷிப்டில் உட்கார்ந்தவள் சாப்பிட்ட வெங்காயம் மணக்கும். முன்பக்கம் பொதுமக்கள் பேசும் கண்ணாடிக் கூண்டு. நான் உட்காரும் ஸ்விட்ச்போர்டில் இருந்தபடியே அதைப் பார்க்கலாம். அதில் விபூதி, மல்லிகை, வியர்வை எல்லாம் கலந்த ஒரு வாசனை. தீபத்துக்கு ஜனம் குவியும் நாட்களில் உள்ளே மூச்சே விட முடியாது.

வெளிநாட்டு லைனில்தான் எதிரொலித் தொல்லை. பேச்சு மேலே ஆகாயத்தில் இருக்கும் சாட்டிலைட்டுக்குப் போய் இறங்க வேண்டுமல்லவா, பேசியவரின் குரலே கொஞ்சம் பிந்தி அவர் காதுக்குத் திரும்பி வரும். செங்கம் ரோட்டு ஆசிரமத்துக்கு வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள் பொறுமையாக நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள். நம்மவர்களா? “நல்லா இருக்கியா?” என்று கத்துவார்கள். அதே கேள்வி திரும்பி வரும். “நான் நல்லாத்தான் கீறேன், நீ எப்டி கீற?” என்று தங்களுக்கே பதில் சொல்வார்கள். மூன்று நிமிஷம் தன்னிடமே குசலம் விசாரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அதனால் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: “சொல்லிட்டு நிறுத்துங்க. உங்க குரலே திரும்பி வரும், அதுக்கு பதில் சொல்லாதீங்க.”

அந்தக் கூண்டில் வெள்ளிக்கிழமைகளில் அத்தர் மணக்கும். காதர் பாய் வந்துவிட்டார் என்று அர்த்தம். பூட்டு சாவிக் கடை வைத்திருந்தவர். மகன் சலீம் துபாயில். மாதம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை சாயந்திரம், அங்கிருந்து கூப்பிடுவான். பாயோடு மருமகள் மெஹரும் வருவாள். ஆசிரியர் பயிற்சி முடித்த பெண்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. மெஹருக்குக் கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் வேலை வந்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும், இல்லாவிட்டால் போய்விடும். “அவன் சரின்னா அனுப்பறேன்” என்று சொல்லியிருந்தார் மாமனார். அவள் கூண்டுக்குள் அவரை ஒட்டி நின்றாள். லைன் கிடைத்தது. லைன் ஒழுங்காக இருக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“வேலை வந்துருக்குடா மெஹருக்கு. அனுப்பட்டுமா?” என்றார் பாய். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. “நல்ல வேலைடா. பஸ்ஸு நம்ம தெரு முனையிலயே நிக்குது...” என்று அடுக்கிக்கொண்டே போனார். அதற்குள் சலீமின் குரல் அடியில் புகுந்து வந்தது. “வேணாம் அத்தா. நான் வர்ற வரைக்கும் வேணாம்.” பாய்க்கு அது ஏறவில்லை. “இன்னாடா, கம்மியா கேக்குது. சரியா? சரின்னு சொல்லு. சரி?” என்றார்.

அரை நொடியில் திரும்பி வந்தது: “சரி.”

பாயின் குரலேதான். அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே தொண்டை வேறு. பாய் முகமெல்லாம் சிரிப்பாக ரிசீவரைத் தாழ்த்தி, “சரின்னுட்டான்மா!” என்றார். என் காதில் சலீம் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். “ஹலோ, அத்தா, ஹலோ!” நான் குறுக்கிட்டு, “பாய், அது உங்க குரல்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வதுதான் என் வேலை. போர்டில் செருகியிருந்த இணைப்பு வயரைப் பிடுங்கிவிட்டேன். லைன் அறுந்தது. அன்றாடம் அறுகிற லைன், யாருக்குச் சந்தேகம் வரும்?

ஏன் செய்தேன்? நானும் இந்த வேலையில் சேர, ஒருத்தர் வாயிலிருந்து ‘சரி’ வருமா என்று ஆறு மாதம் முகம் பார்த்துக் கிடந்தவள். வேறு காரணமெல்லாம் இல்லை.

மெஹர் வேலைக்குப் போனாள். அப்புறம் துபாயிலிருந்து கோபமாகக் கடிதம் வந்ததாம். “நீயே சரின்ன, என் காதால கேட்டேன்” என்று பாய் பதில் எழுதச் சொன்னாராம். அதோடு சலீம் கூப்பிடுவதை நிறுத்தினான். ஆனாலும் மெஹர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளிக்கூடம் விட்டு நேராக எக்ஸ்சேஞ்சுக்கு வருவாள். பெஞ்சில் உட்கார்ந்து நோட்டு திருத்துவாள். ஆறு மணிக்கு நான், “இன்னிக்கும் இல்லமா” என்பேன். எழுந்து போவாள். இப்படி எத்தனை வெள்ளிக்கிழமை!

ஒருநாள் தாங்க முடியாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “மெஹர், அன்னிக்கு அவர் சரின்னு சொல்லலமா” என்றேன்.

அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “தெரியும்க்கா. மாமாவாண்டதான நின்னுகினு இருந்தேன். வேணாம்னது எனக்கும் கேட்டுச்சு.”

“அப்ப ஏன்மா நீ சொல்லல?”

“நீங்க சொல்லிடுவீங்களோன்னு பயந்துகினு இருந்தேன். நீங்க லைன புடுங்கிட்டீங்க.”

அடுத்த நோட்டை எடுத்துத் திருத்தத் தொடங்கினாள். இரண்டு வருஷம் கழித்து சலீம் ஊருக்கு வந்தான். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தானாம். அவள் வேலையை விடவில்லை.

பிறகு கம்ப்யூட்டர் எக்ஸ்சேஞ்ச் வந்தது. என் போர்டைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்த இளம் இன்ஜினியர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். திரும்பி வருவது பேசியவரின் குரல்தானா என்று மெஷினே கண்டுபிடித்துக் கழித்துவிடுமாம். இருவரும் ஒரே நேரத்தில் பேசினாலும் இரண்டும் கேட்குமாம். “இனிமே எக்கோங்கற பேச்சே கிடையாதும்மா” என்று சிரித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இன்றைக்கு லைனெல்லாம் துல்லியம். எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தி மாமனார் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த ‘வேணாம்’ அவர் காதில் பளிச்சென்று விழும். நடுவில் யாரும் இல்லை.