பேர் சொல்லித் தூக்கிக் கொடுப்பவர்

"எளயபெருமாளு, ஒனக்கு!" என்று கத்திவிட்டுத்தான் தியாகேசன் பந்தைத் தூக்குவார். இத்தனை வருஷமாக அவர்மேல் எனக்கு இருக்கிற குறையே இதுதான். வாலிபாலில் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவர் யாருக்குக் கொடுக்கப் போகிறார் என்பது எதிர்ப்பக்கத்துக்குத் தெரியக் கூடாது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம், இவருக்கு மட்டும் ஏறாது. என் பேர் வேறு நீளம். அதை அவர் கூப்பிட்டு முடிப்பதற்குள் நெட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். நான் எகிறி அடித்தால் பந்து என் மூஞ்சிக்கே திரும்பி வரும். கூட ஆடுகிற ஜாஃபர் சாதிக்குக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. "ஜாஃபரு!" என்றால் முடிந்தது.

திருவாரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து வயல் வயலாகத் திருப்பி விடுகிற வேலை தியாகேசனுக்கு. விவசாயிகள் சேர்ந்து வைத்த ஆள். தோளில் மண்வெட்டி, இடுப்பில் பாலித்தீன் கவரில் சுற்றின செல்போன். மடையை வெட்டுமுன் யார் வயலுக்கோ அவர் பேரை நாலு பக்கமும் கேட்கிற மாதிரி கத்துவார். "பொன்னுத்தாய் வயலுக்கு!" அதற்குப் பிறகுதான் மண்வெட்டி இறங்கும். வயல்காரர் துபாயில் இருந்தாலும் சரி, கத்துவார். அங்கே கேட்கவா போகிறது என்று ஒரு தடவை கேட்டேன்.

"அவனுக்கு எதுக்குய்யா கேக்கணும்? பக்கத்து வயக்காரனுக்குக் கேக்கணும். சொல்லாம திருப்புனா அது திருட்டுத் தண்ணி."

இவருக்கு முன்னால் இருந்த ஆள் சத்தமில்லாமல் மடையை மாற்றி விட்டதில் மண்டை உடைந்து, இரண்டு வீட்டுக்கு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. இவர் வந்தபின் தண்ணீருக்கு அடிதடி கிடையாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆட்டத்திலும் அதே ஆள்தான். மணலில் நடந்தால்கூட வரப்பில் நடக்கிற மாதிரி கால் விரலை ஊன்றி ஊன்றித்தான் நடப்பார். ஜாஃபர் வாங்கிக் கொடுத்த பனியனைப் போட்டுக்கொள்வார், டவுசரை மட்டும் தொட மாட்டார். கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்பார். ஆட்டத்துக்கு நடுவில் போன் வந்தால் கையைக் காட்டி சர்வீஸை நிறுத்திவிட்டு, "யாரு, முருகையனா? மத்தியானத்துக்கு மேலதான் ஒன் மொற. ஊட்டுல இசைவாணி இருக்கு, அதுகிட்ட கேளு. வையி" என்பார். ஆனால் பந்து அவர் விரலை விட்டுக் கிளம்பினால் அழகுதான். மேலே போய், அடிக்கிறவன் கைக்கு நேராக ஒரு நொடி நிற்கும். அப்படித் தூக்கிக் கொடுக்க எங்கள் பக்கத்தில் வேறு ஆள் இல்லை.

காணும் பொங்கலன்று தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊரில் கடற்கரையிலேயே நெட் கட்டிப் போட்டி நடத்துவார்கள். பக்கத்துக்கு நாலு பேர். எங்களில் தியாகேசன், நான், டிராக்டர் ஓட்டுகிற புகழேந்தி, கேப்டனாக ஜாஃபர் சாதிக். துபாயிலிருந்து திரும்பி வந்து ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் தியாகேசன் மண்வெட்டியை மனைவி இசைவாணியிடம் கொடுத்துவிட்டு ஊரைத் தாண்டுவது. அந்த அம்மாளும் கத்தித்தான் திருப்புவார், குரல் இன்னும் பெரிசு. பொங்கலுக்குப் பத்து நாள் முன்னாலிருந்தே தியாகேசன் வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "வேன் எத்தன மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். நாங்கள் போய் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டு, மீன் வாங்கிக்கொண்டு வருவோம். அந்த ஊர்ப் பையன்கள் இவருக்கு ரேடியோ மாமா என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

இந்த வருஷம் வேனில் ஏறினதுமே ஜாஃபர் திரும்பி உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒரே பேச்சு. இன்னிக்கி ஒங்க வாயிலேருந்து ஒரு பேரு வந்துச்சுன்னா அடுத்த வருசம் என் மச்சான் நௌஷாத் வந்து தூக்கிக் குடுப்பான். மொத ஆட்டத்துலயே தோத்தாலும் அப்படித்தான். நீங்க ஊர்லயே இருந்துக்கலாம்."

தியாகேசன் ஜன்னல் வழியாகக் கதிர் வாங்கின சம்பா வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார். தலையைத் திருப்பாமலே, "சரி தம்பி, வாயத் தொறக்கல. வாக்கு" என்றார்.

சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. கெட்டது நாங்கள்தான். பேர் காதில் விழுந்தால்தான் கால் கிளம்பும் என்று பழகிவிட்டது. முதல் பந்து அருமையாக மேலே போனது. ஜாஃபருக்கு என்று நான் நின்றேன். எனக்கு என்று ஜாஃபர் நின்றார். புகழேந்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பந்து எங்கள் நடுவில் மணலில் பொத்தென்று விழுந்தது.

"யோவ், அது ஒனக்குய்யா!" என்றார் ஜாஃபர் என்னிடம்.

"எனக்குன்னு யாரு சொன்னா?"

"மாமா, ரேடியோவுல பேட்டரி தீந்துபோச்சா?" என்று எதிர்ப்பக்கம் சிரிப்பு.

அடுத்த பந்துக்கு நானும் ஜாஃபரும் சேர்ந்து எகிறி மண்டையோடு மண்டை மோதிக்கொண்டோம். ஜாஃபர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "யாருக்குண்ணே தூக்குறீங்க?" என்று கத்தினார். தியாகேசன் தன் வாயைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார். ஜாஃபர் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குகிற ஆள் இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"கத்தித் தொலைங்கண்ணே!"

"வாக்கு குடுத்துட்டேன்யா."

ஆனாலும் ஆட்டம் கையை விட்டுப் போய்விடவில்லை. புகழேந்தியின் சர்வீஸ் காற்றில் வளைந்து வளைந்து விழுந்தது. அந்தப் பையன்கள் இளக்காரத்தில் நாலைந்து சர்வீஸை வெளியே அடித்தார்கள். பதினாலுக்குப் பதினாலு. அந்த ஊர்க் கணக்கில் அடுத்த பாயிண்டு எடுக்கிறவர்களுக்கு ஆட்டம். பையன்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். ஜாஃபர் யாரையும் பார்க்கவில்லை.

சர்வீஸ் வருவதற்கு முன்னால் தியாகேசன் என் பக்கத்தில் வந்தார். கைலியை இறுக்கிச் செருகிக்கொண்டார். அவர் யாரிடமும் ரகசியம் பேசி நான் பார்த்ததில்லை. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "பந்து ஒனக்குத்தான்" என்றார்.

"எனக்குன்னு தெரிஞ்சா அவனுங்க ரெண்டு பேரும் வந்து நிப்பானுங்களே?"

"வரட்டும்யா. இப்ப நம்ம ஆளே வரல."

அந்தப் பக்கம் சர்வீஸ் போட வேண்டியவன் பந்தைத் தட்டிக்கொண்டு பின்னால் போனான். தியாகேசன் நெட்டுக்கு ஓடப் போனவர், நின்று, என் தோளைப் பிடித்தார்.

"நான் வாயத் தொறக்க முடியாது. ஓடுறப்ப ஒம் பேர நீயே கத்திடு. நாலு பக்கமும் கேக்கணும், முழுசா கத்து."