தலைமை நாற்காலி

என் மகளை என் மகள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவையில், கழுத்தில் மாலையோடு மேடையில் அமர்ந்திருந்தேன்!

மயிலாப்பூர்வாசியானால் உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்கலாம். கல்லூரியிலிருந்து நான் ஓய்வு பெற்றேன். 'பிரின்ஸிபால்' என்ற பட்டம் மட்டும் ஓய்வு பெறவில்லை. அதைக் காப்பதே என் முழுநேரப் பணி.

மகளை வசந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரையில் தொடங்கி, போதைப் 'பவுடரில்' போய் விழுந்தவள். கேட்டவர்களிடமெல்லாம் "தில்லியில வேலையா இருக்கா" என்றேன். அவளோ சிகிச்சை முடிந்து, அடையாற்றில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருந்தாள். மருத்துவமனையிலிருந்து மீண்ட பெண்கள், வீடு திரும்புமுன் தட்டச்சும் தையலும் கற்று, மனிதரோடு வாழ மறுபடி பழகும் இடம். சேர்த்தவள் என் மனைவி. பார்க்கப் போனவளும் அவளே. நான்...? ஒருமுறைகூட இல்லை.

அந்த இல்லத்தின் ஆண்டுவிழாவுக்குத் தலைமை தாங்க என்னை அழைத்தார்கள். நான் யாருடைய தகப்பன் என்று அவர்கள் அறியார். ஏன் ஒப்புக்கொண்டேன்? அவளைக் காணும் ஆசையா? கண்டும் காணாதவனாக இருக்க மேடையே வசதி என்ற கணக்கா? இன்றும் எனக்கு விளங்கவில்லை.

எனக்குக் கார் அனுப்பினார்கள். மனைவி முன்னதாகவே பேருந்தில் போயிருந்தாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வீடு திரும்பும் பெண் அவையில் தன் கதையைச் சொல்வாள். பிறகு வீட்டார் எழுந்து, "இது எங்க பொண்ணு, கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்" என்று உரக்கச் சொல்ல வேண்டும்.

வசந்தி எழுந்தாள். பெயரைச் சொன்னாள், என் பெயரின் முதலெழுத்தை மட்டும் விட்டுவிட்டாள். தாயின் வளையலைத் திருடியதை, தெருவில் கிடந்ததை, மீண்டபின் மறுபடி விழுந்ததை... எதையும் ஒளிக்கவில்லை. குரல் நடுங்கியது, சொல் நடுங்கவில்லை. எத்தனையோ மேடை கண்டவன் நான். அப்படியொரு பேச்சைக் கேட்டதில்லை!

மனைவி எழுந்தாள். அழுகையில் வார்த்தை வரவில்லை. பக்கத்து நாற்காலி காலி.

"உங்க நைனா வரலியாம்மே?" உடன் தங்கியிருந்த ராணி கேட்டாள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றவள்.

"அப்பாவுக்கு வேலை இருக்குக்கா."

"பொண்ணு பொழச்சு வந்துகீது, அத்தவுட இன்னா வேலை? கவர்னரா அவரு?"

அவை சிரித்தது. நானும் சிரித்தேன்! வசந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போவுது, நானே சொல்றேன். இது எங்க வூட்டுப் பொண்ணு. இட்டுக்கினு போறோம்!" ராணி என் மனைவியை அணைத்துக்கொண்டாள்.

எனக்குப் பொன்னாடை போர்த்தும் பொறுப்பை வசந்தியிடமே தந்தார்கள். போர்த்தினாள். நழுவிய முனையைத் தோளில் சரிசெய்தாள்.

"ரொம்ப நன்றிங்க ஐயா."

ஏளனம் துளியும் இல்லை. நான் காத்த பெயரை எனக்காக அவளும் காத்தாள். என் கையால் சோறுண்டு வளர்ந்தவள், என் மதிப்பெல்லாம் எட்டாத உயரத்தில் நின்றாள்... கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவனைப்போல் நான் அவளைப் பார்த்தேன். அப்போதாவது எழுந்து சொல்லியிருக்கலாம். எழவில்லை.

மாலையை மடியில் வைத்துக்கொண்டு காரில் தனியே திரும்பினேன். அவர்கள் பேருந்தில் வந்தார்கள். மறுநாள் காலை அவள் காபி கொண்டுவந்து, "அப்பா" என்றாள். அன்றுமுதல் இன்றுவரை அந்த விழாவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

உங்களிடமாவது சொல்லிவிட்டேனே என்று ஆறுதல் தேடுகிறேன். ஆனால்... அவள் பெயர் வசந்தி அல்ல. என் பெயரையும் இதன்கீழ் நான் எழுதப்போவதில்லை.