மாமாவின் ஸ்பீக்கருக்கு நான் சொன்ன தீர்ப்பு

போன மாதம் என் ஸ்பீக்கர்களுக்குப் புடலங்காய்த் தடிமனில் ஒரு ஜோடி ஒயர் வாங்கி மாட்டினேன். பழைய ஒயருக்கும் இதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மூன்று நாள் காலையும் மாலையும் உட்கார்ந்து கேட்டுவிட்டு, நண்பர்களிடம் மட்டும் "வயலின் இப்பதான்யா மூச்சு விடுது" என்று சொல்லிவைத்தேன். நம்பிவிட்டார்கள். எந்த ஆம்ப்ளிஃபயருக்கு எந்த ஸ்பீக்கர் பொருந்தும் என்று கடலூரிலிருந்தெல்லாம் எனக்கு போன் வருகிறது. 'அவருக்குக் காது அப்படி' என்று பெயர். அந்தப் பெயரை நான் ஒன்பது வயதில், கண்ணைக் கட்டிக்கொண்டு, மோசடி செய்து சம்பாதித்தேன்.

என் மாமா பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் 'சொல்தா' என்பார்கள். மற்ற சொல்தாக்கள் ஊர் திரும்பும்போது சென்ட்டும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். மாமா ஓர் ஆம்ப்ளிஃபயரைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அதன் நடுவே வெள்ளி நிறத்தில், என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வால்யூம் குமிழ். மாமாவைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. நான் தொட்டுவிட்டதாகக் கனவு கண்டு, கனவிலேயே உதை வாங்கியிருக்கிறேன்.

கூட வந்த சின்ன ஸ்பீக்கர்கள் இரண்டும் ஷோகேஸ் மேல் இருந்தன. மாமாவுக்கு அவற்றின் மேல் மனம் ஒட்டவில்லை. "ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் பொருத்தம் பாக்கணும்டா. இவன் கொஞ்சம் கோவக்காரன். அவளும் சேந்து கத்துனா குடும்பம் நடக்குமா? நிதானமா ஒருத்தி வேணும்" என்பார்.

நிதானமான அந்த ஒருத்தி காலாப்பட்டில் இருந்தாள். மாமாவோடு ராணுவத்தில் இருந்த ஒருவர் பிரான்சுக்கே திரும்பிப் போகிறார் என்பதால், என் உயரத்துக்கு இருந்த தன் ஸ்பீக்கர்களை 'பிடித்தால் வைத்துக்கொள்' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டார். மாமா வாசலுக்கும் ஹாலுக்கும் நாலு தடவை ஓடினார். நான் எட்டு தடவை ஓடினேன்.

ஹாலில் அவை நிற்கக்கூடிய ஒரே இடம் ஜன்னலோரம். அங்கே அத்தையின் தையல் மெஷின் இருந்தது. தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தது அந்த மெஷின். அதற்கு வெளிச்சம் கொடுத்தது அந்த ஜன்னல்.

அத்தை மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. "ரெண்டும் ஒரே பாட்டத்தான் பாடப்போவுது. இதுக்குப் போயி நான் உள்ள இருட்டுல குந்திக்கினு தைக்கணுமா?"

"வித்தியாசம் இருக்குது. உனக்குக் காது பத்தல."

"சரி, எனக்குப் பத்தல. இதோ நிக்கிறானே, இவன் கண்ணக் கட்டுங்க. எதுன்னு சொல்லாம அஞ்சு தடவ போடுங்க. அஞ்சும் சரியாச் சொன்னான்னா மெஷின நானே நவுத்துறேன். ஒண்ணு தப்புனாலும் வந்த டெம்போலயே திரும்ப ஏத்திடணும்."

மாமா என் காதருகே குனிந்தார். "டேய், அஞ்சும் சொல்லிடு. இன்னிக்கு வால்யூம் உன் கையில."

சத்தம் வருகிற திசையை வைத்து நான் கண்டுபிடித்துவிடக் கூடாதாம். சின்னவற்றை இறக்கி, பெரியவற்றை ஒட்டியே முக்காலியில் வைக்கச் சொன்னார் அத்தை. பிறகு லைனிங் துணியால் என் கண்ணைக் கட்டினார். மெஷின் எண்ணெய் மணத்தது. டெம்போக்காரர் டீ கிளாஸோடு வாசற்படியில் நின்றுகொண்டார். மாமா ஒயரை மாட்டினார், ஆம்ப்ளிஃபயரைப் போட்டார், தன் பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நாதஸ்வரம் கிளம்பியது.

எனக்கு அது நாதஸ்வரமாகக் கேட்டது. அவ்வளவுதான். பெரிசா சின்னதா என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. குருட்டாம்போக்கில் "சின்னது" என்றேன்.

"வுவாலா!" என்று கத்தினார் மாமா. பிரெஞ்சில் கத்தினால் சந்தோஷம் என்று அர்த்தம்.

இரண்டாம் முறையும் அதே நாதஸ்வரம். ஆனால் அதற்குப் பின்னால் மெதுவாக இன்னொரு சத்தம் சேர்ந்துகொண்டது. கிரீச்... கிரீச்... தாளம் தப்பாமல். மாமாவின் நாற்காலி! பாட்டில் சொக்கி ஆடுகிறார். முதல் தடவை அது வாயே திறக்கவில்லை.

"பெரிசு!"

"வுவாலா!"

அதற்கப்புறம் நான் நாதஸ்வரத்தைக் கேட்கவே இல்லை. மூன்றாம் முறை நாற்காலி மௌனம், சின்னது. நான்காம் முறை கிரீச், பெரிசு. டெம்போக்காரர் டீயை மறந்து உள்ளேயே வந்துவிட்டார். "புள்ளக்கி என்னா சார் போட்டு வளக்குறீங்க?" ஐந்தாம் முறை மாமா என்னைக் குழப்புவதற்காக ஒயரை மாற்றாமலேயே, மாற்றுவதுபோல் உருட்டிவிட்டு வந்திருக்கிறார். நாற்காலி குழம்பவில்லை. நானும்தான்.

கண்கட்டை அவிழ்த்ததும் நேராகக் குமிழுக்கு ஓடினேன். வெண்ணெயில் விரல் போவதுபோல அது திரும்பியது. தவில் அடி விழுந்த வேகத்தில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் "கல்யாணமா?" என்று கேட்டார்கள். டெம்போ காலியாகத் திரும்பிப் போனது. அந்தச் சந்தடியில் அத்தை மெஷினை உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போனதை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னர் பல வருடம் அவர் பட்டப்பகலில் டியூப் லைட் போட்டுத் தைத்ததையும் ஒரு சேதியாக நினைத்ததில்லை. நாற்காலி விஷயத்தை யாரிடமும் சொல்லவுமில்லை. லைனிங் துணி என் கண்ணை மட்டும்தான் கட்டியிருந்தது என்று யோசிக்கிற வயதா அது?

மாமா இப்போது இல்லை. அவருடைய பிரம்பு நாற்காலி என்னிடம் வந்து சேர்ந்தது. போன வாரம் அத்தையை மூலக்குளத்தில் இருக்கும் என் வீட்டுக்கு அழைத்துவந்து, சோபாவில் உட்காரவைத்து, புது ஒயரைக் காட்டி, பொருத்தத்தைப் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினேன். பிறகு நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டு, மாமாவின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கே பிசிறடிக்கிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். அத்தை கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"எப்படி இருக்குது அத்தை?"

"நல்லாத்தான்டா இருக்குது" என்றார். "அன்னிக்கு உனக்கு அவ்ளோ சொல்லிக் குடுத்துதே இந்த நாற்காலி, இப்ப ஏன்டா வாயே தொறக்கல?"