வேட்டுத் திரியில் ஊற்றிய தீர்த்தம்

மாலை ஐந்து நாற்பதுக்கு முதல் வேட்டு வெடித்தது. கோயில் மண்டபத்துக் கடிகாரத்துக்கு நேர் எதிரே தீர்த்தக் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தேன். அதனால் அந்த நேரம் கண்ணில் அப்படியே பதிந்துவிட்டது. இரண்டாவது வேட்டுக்குப் பழனிவேல் சாமி ஆடத் தொடங்கினான். மூன்றாவது வேட்டுக்கு, பக்கத்தில் நின்ற என் மகள் தாரணியை இடுப்போடு வாரித் தூக்கிக்கொண்டு ஓடினான்.

யாரும் தடுக்கவில்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. எங்கள் ஊரில் சாமி வந்தவர் ஓடினால் குறுக்கே போகக் கூடாது. பின்னாலும் ஓடக் கூடாது. சாமி மலையேறியதும் அவராகத் திரும்பி வருவார். நானும் குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பெற்ற பிள்ளை கண்ணுக்கு மறைந்துகொண்டிருந்தது. நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

மாரியம்மனை நம்புகிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். போன வருடக் கோயில் திருவிழாவில், எங்கள் பேச்சில் நோம்பியில், நடந்தது.

எங்கள் ஊர் சேந்தமங்கலத்துக்குப் பக்கம், கொல்லிமலை அடிவாரம். பழனிவேலும் நானும் பத்தாவது வரை ஒரே வகுப்பு. அவனை நினைத்தாலே எனக்கு முதலில் காதில் கேட்பது ஹாரன் சத்தம்தான். சேலம் பஸ், ராசிபுரம் பஸ், கரும்பு லாரி என்று ஒவ்வொன்றின் ஹாரனையும் வாயாலேயே அடிப்பான். கணக்கு வாத்தியார் பஸ் வந்துவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய நாளும் உண்டு. அப்படிச் சத்தத்தோடு விளையாடியவன் பட்டாளத்துக்குப் போனான். வடக்கே பனிமலையில் நடந்த சண்டையில் இருந்தான். சில வருடம் கழித்து ஊருக்கே திரும்பி வந்தபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆத்தா காப்பாற்றிவிட்டாள் என்று ஊரே சொன்னது. அந்த வருட நோம்பியில் வேட்டுச் சத்தம் கேட்டதும் அவன் உடம்பு உதறியது. கண் சொருகியது. பூசாரி ஓடிப்போய் வேப்பிலையைக் கையில் கொடுத்தார். மஞ்சள் துணி கட்டினார்கள். குறி கேட்டார்கள். அன்றிலிருந்து வருடா வருடம் அவன் மேல்தான் அம்மன் வருகிறாள் என்று ஆகிவிட்டது.

தீர்த்தக் குடம் எடுப்பது என் வேண்டுதல். என் வீட்டுக்காரர் போர்வெல் வண்டியோடு வெளி மாநிலத்தில் இருந்தார். குடம் எடுக்கும்போது ஆறாவது படிக்கிற பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். சாமி ஆடுகிறவன், என் சிநேகிதன். அவனைவிடப் பத்திரமான இடம் ஏது என்றுதான் விட்டேன்.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அம்மா சொன்னார்: "குடுத்து வெச்ச புள்ள. ஆத்தாளே தூக்கீட்டுப் போறா. நீ ஏன் அம்மணி அழுவற?"

அப்போதுதான் பழனியின் மனைவி மல்லிகா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். செருப்பில்லை, முந்தானை அவிழ்ந்து தரையில் இழுபட்டது.

"அக்கா, வேட்ட நிறுத்தச் சொல்லுங்க."

"சாமி எறங்குனா தானா வருவான்ல மல்லிகா?"

"சாமியுமில்ல ஒண்ணுமில்லீங்க்கா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஊட்டுல குக்கர் விசில் அடிச்சாலே கட்டிலுக்கு அடியில பூந்துக்குவாரு. பட்டாளத்துல இருந்து வந்த நாளா இப்படித்தானுங்க."

"அப்பறம் ஏன் வருசா வருசம் இங்க வந்து நிக்கறான்?"

"நானும் கேட்டேனுங்க. இங்க நடுங்குனா சாமிங்கறாங்க, ஊட்டுல நடுங்குனா பைத்தியங்கறாங்க, இதே இருந்துட்டுப் போவட்டும்னாரு."

பிள்ளையை ஏன் தூக்கினான் என்று கேட்டேன்.

"காப்பாத்தறேன்னு நெனச்சிருப்பாருங்க. சத்தத்துக்கு எதிர்ப்பக்கமா, எங்க பள்ளம் இருக்குதோ அங்க போயி படுத்துக்குவாரு. ஒவ்வொரு வேட்டுக்கும் இன்னும் தள்ளிப் போவாரு."

எதிர்ப்பக்கம் என்றால் ஓடை. ஓடையைத் தாண்டினால் கைவிட்ட கல் குவாரி. செங்குத்தாக வெட்டிய குழி, அடியில் மழைத் தண்ணீர். ஆழம் எவ்வளவு என்று ஊரில் யாருக்கும் தெரியாது. நான்காவது வேட்டு வெடித்தது.

குடத்தோடு கோயில் தர்மகர்த்தாவிடம் ஓடினேன். வேட்டை நிறுத்துங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன அம்மணி பேசற? ஊரு நேந்துக்கிட்ட வேட்டு. பாதியில நிறுத்துனா ஊருக்கு ஆவாது."

"எம் புள்ளைங்க அய்யா."

"புள்ளையத் தூக்குனது ஆத்தா. அவளுக்குத் தெரியாதா?"

ஐந்தாவது வேட்டு. தரை அதிர்ந்தது. குடத்துத் தண்ணீர் சிந்தி என் முகத்தில் வழிந்தது. அதற்கு மேல் யாரிடம் கேட்பது? சந்நிதியைப் பார்த்தேன். எப்போதும் ஒழுங்காக வேண்டுகிறவள் நான். கணவருக்கு, பிள்ளைக்கு, வீட்டுக்கு என்று வரிசை வைத்திருப்பேன். அன்று வரிசை எதுவும் வரவில்லை. "தாயே, அவன் மேல வந்தது நீயா இருந்தா எம் புள்ளையக் குடுத்துரு. நீ இல்லைன்னா, அவன் எதுக்குப் பயந்து ஓடறானோ அதை நிறுத்து." இவ்வளவுதான் சொன்னேன். என் பிள்ளைக்காக ஆரம்பித்த வேண்டுதல் அவனுக்காக முடிந்தது எப்படி என்று எனக்கே புரியவில்லை.

சொல்லி முடித்தபோது என் கால்கள் வேட்டு வைத்திருந்த வயல்காட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தன. வரிசையாக இரும்புக் குழாய்கள், மீதி வேட்டுகளைக் கோர்த்தபடி ஒரே திரி. வேட்டுக்காரர் அதன் நுனிக்கு நெருப்பைக் கொண்டுபோனார். அம்மன் காலில் ஊற்ற வேண்டிய தீர்த்தத்தைத் திரியின் மேல் ஊற்றினேன். முழுக் குடத்தையும்.

"யம்மா, கண்ணு தெரியாதா உனக்கு?" என்று அவர் கத்தினார். பின்னால் இளவட்டம் ஒன்று, "அக்காளுக்கும் சாமி வந்துருச்சுடோய்" என்றது. சிலர் சிரித்தார்கள். வேட்டு நின்றதால் குழம்பி மேளக்காரர்களும் கையை நிறுத்தினார்கள். எங்கள் நோம்பியில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை.

நானும் மல்லிகாவும் ஓடைக்குள் இறங்கினோம். "கூப்பாடு போட்டுராதீங்க்கா, கத்துனா ஓடிருவாரு" என்றாள். பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் பிள்ளையைத் தேடிப் பாருங்கள். அப்போது தெரியும். முள்ளில் தாரணியின் பச்சைப் பாவாடைக் கிழிசல் தொங்கியது. கொஞ்சம் தள்ளி ஒரு கொலுசு. அதற்கு மேல் குவாரிக்குப் போகிற லாரிப் பாதை. பாதைக்கு அடியில் தண்ணீர் போக ஒரு சிமென்ட் குழாய்.

குழாய்க்குள் இருந்து என் மகளின் குரல் வந்தது, ரகசியம் பேசுவதுபோல.

"அம்மா, மெதுவா வாங்க. மாமா பயந்துக்கிட்டாரு."

குனிந்து பார்த்தேன். அவளைக் கீழே படுக்க வைத்து மேலே கூரைபோல் முட்டி போட்டுக் கவிழ்ந்திருந்தான். முதுகு உதறிக்கொண்டே இருந்தது. அவள் அவன் காது இரண்டையும் உள்ளங்கையால் பொத்தியிருந்தாள். குழாயின் மறுவாய் குவாரிக் குழியின் விளிம்பில் திறந்திருந்தது. அவன் கால் இருந்த இடத்துக்கு அப்பால் வெறும் ஆகாயம். இன்னும் ஒரு வேட்டு வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றுவரை முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை.

"ஓஞ்சிருச்சா சரசு?" என்று கேட்டான். என்னை அடையாளம் தெரிந்திருந்தது.

"ஓஞ்சிருச்சு பழனி. இனி இல்ல. வா."

ஊர் இதைச் சும்மா விடவில்லை. தீர்த்தத்தைத் தரையில் ஊற்றியவள் என்று என்னிடம் பேசாமல் இருந்தார்கள். அந்த வருடம் மழை தள்ளிப்போனதற்கும் நானே காரணமானேன். பழனியை மல்லிகாவும் நானும் சேலத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மூன்றாவது தடவைதான், பனியில் பக்கத்திலேயே விழுந்த ஒருவனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். இப்போது மாத்திரை சாப்பிடுகிறான். நன்றாகிவிட்டான் என்று பொய் சொல்ல மாட்டேன். நல்ல நாளும் இருக்கிறது, கெட்ட நாளும் இருக்கிறது. கெட்ட நாளில் அதற்குச் சாமி என்று பெயர் வைப்பதில்லை. நானும் முழுதாகத் தேறவில்லை. தாரணி டியூஷனுக்குப் போனால் திரும்பும்வரை வாசலிலேயே நிற்கிறேன்.

ஆனால் என் அம்மனை முன்னைவிட அதிகம் நம்புகிறேன். நான் கேட்டதை அவள் என் கையாலேயே செய்ய வைத்தாள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சத்தத்துக்கு நடுங்குகிற ஒருவர் இருந்தால், அவருக்காக அவளிடம் கேளுங்கள். பயமில்லாமல் கேளுங்கள். கேட்ட பிறகு, என்ன ஆயிற்று உனக்கு என்று அவரிடமும் உட்கார்ந்து கேளுங்கள். அவள் கைவிட மாட்டாள்.

இந்த வருடம் அம்மனுக்குப் பூப்போட்டு நோம்பியைத் தொடங்கும் பூச்சாட்டுக்கு இரண்டு நாள் முன்பு பழனி வீட்டில் இருந்தேன். வாசலில் பைக் நிற்கிற சத்தம் கேட்டது. தர்மகர்த்தா. ஒரு வருடமாக என் முகத்தைப் பார்க்காதவர். பழனி எழுந்து நின்றான். மல்லிகா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. நோம்பிக்கு அழைக்கும் தாம்பூலத்தட்டை இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினார்.

"வேட்டு இல்ல பழனி. அந்தச் சத்தம் உனக்கு ஆவாதுன்னு ஊருல பேசி முடிச்சாச்சு. நீ ஆட வேண்டாம்ப்பா, சும்மா வந்து எங்ககூட நின்னாப் போதும்."